மெக்கானிக் வந்த நாள்

காலையில் எழுந்ததும் நான் முதலில் வாங்குவது திட்டு. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சமையலறை மேடையில் போனைச் சாய்த்து நிறுத்தி, மன்றத்தைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் என்னைக் கரித்துக்கொட்டி எழுதியிருப்பார். என் பதிவை ஏன் வெட்டினாய், கடைக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் கேட்டிருப்பார். என் கடையைப் பற்றிய பொய்யை ஏன் வெட்டவில்லை, எதிர்க்கடைக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று இன்னொருவர் கேட்டிருப்பார். இந்தத் திட்டைத் தவிர நான் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

மன்றம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், கடைகள், கம்பெனிகள், இதில் யார் ஒழுங்கு, யார் மோசம் என்று ஜனங்கள் எழுதும் ஒரு இணையதளம். ஆரம்பித்தது என் தம்பி. குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஒருவன் நன்றாக இருந்த குழாயையும் உடைத்துவிட்டுப் போன கோபத்தில் ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் கோபம் ஆறிப்போய்விட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. "அக்கா, கொஞ்ச நாள் பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஆனால் தளம் இன்றைக்கும் அவன் பெயரில்தான் இருக்கிறது. அதனால் வக்கீல் நோட்டீஸெல்லாம் அவன் வீட்டுக்குப் போகும். அவன் பதறியடித்து எனக்குப் போன் செய்வான். நான், வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் உட்கார்ந்து, யாருக்காவது பயிற்சி நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வேன்.

மன்றத்தில் என் பெயர் கத்திரி. வெட்டு வாங்கியவர்கள் வைத்த பெயர், நானும் அதையே வைத்துக்கொண்டேன். மிரட்டல்கள் எனக்குப் புதிதல்ல. ஒரு சோபா கடைக்காரர் மத்தியானம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் எட்டு ஆட்களாக வந்து தன் கடையைத் தானே புகழ்ந்துவிட்டு, ஒன்பதாவது ஆளாக வந்து என்மீது வழக்குப் போடப்போவதாக எழுதினார். எட்டு பேரும் சோபாவில் உட்கார்ந்ததும் முதுகுவலி போய்விட்டதாம். எனக்கு வந்தது. இப்படிப்பட்டவர்களை ஒரு கொட்டாவியோடு ஒதுக்கிவிடலாம். ஆனால் பத்திக்குப் பத்தி எண் போட்டு, முத்திரை குத்தி வரும் நிஜமான நோட்டீஸ் வேறு. அதற்கென்று நானே ஒரு முறை வைத்திருந்தேன். நோட்டீஸ் வந்ததும் அந்தப் பதிவுக்கு மூடி போட்டுவிடுவேன், அதாவது யார் கண்ணிலும் படாமல் மறைத்துவைப்பேன். எழுதியவருக்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும். வந்த ஆதாரத்தில் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை ஒட்டி, பதிவோடு சேர்த்துத் திறந்துவிடுவேன். ஆதாரம் இல்லையென்றால் பதிவுக்கு முழுக்கு.

பதினோரு வருடத்தில் எழுதியவர் பெயர் ஒன்றுகூட என் கையிலிருந்து வெளியே போனதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குத் தம்பி போன் செய்தபோது குரலே சரியில்லை.

"அக்கா, லிஃப்ட் கம்பெனிக்காரன் நோட்டீஸ் அனுப்பியிருக்கான். மான நஷ்ட வழக்குப் போடுவானாம். பதிவ எடுக்கணும், எழுதினது யாருன்னு பேரு, போன் நம்பர் எல்லாம் பதினஞ்சு நாளுக்குள்ள குடுக்கணுமாம்."

"எத்தனை பக்கம்?"

"ஒன்பது."

"அப்போ நிஜ வக்கீல்தான்."

"உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கா? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. எடுத்துத் தொலைக்கா அத."

"பேர் குடுக்க மாட்டேன்டா. பதிவப் பத்தி நாளைக்குச் சொல்றேன்."

"நீ பெரிய மனுஷி மாதிரி பேசிட்டு இருப்ப. கோர்ட்டுக்கு நான்ல போய் நிக்கணும்" என்று வைத்துவிட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான். வீரம் என்னுடையது, முகவரி அவனுடையது.

பதிவை எழுதியவர் மன்றத்துக்குப் பழைய ஆள். டார்ச்லைட் என்ற பெயரில் வருவார். இத்தனை வருடத்தில் யாரையும் திட்டி ஒரு வரி எழுதியதில்லை. பழைய ரேடியோ எங்கே ரிப்பேர் செய்வார்கள், கொசுவலை எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார். பதில் சொன்னவர்களுக்கு ஒருவர் விடாமல் நன்றி சொல்வார். அப்படிப்பட்டவர் எழுதியது இது: "லிஃப்டுக்குள்ள ஒரு கார்டு ஒட்டியிருக்கு. மாசம் ரெண்டு தடவ மெக்கானிக் வந்து பாத்ததா அதுல கையெழுத்து இருக்கும். நிஜத்துல மூணு மாசத்துக்கு ஒரு நாள் ஒருத்தர் வருவார். விட்டுப்போன தேதிக்கெல்லாம் சேத்து ஒரே பேனாவுல கையெழுத்துப் போடுவார். தண்ணி கேட்டுக் குடிப்பார். போயிடுவார். மேல மோட்டார் ரூம் கதவத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரைப் போனில் பிடித்தேன். மூன்று அடுக்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார். ஒன்பது வருடமாக அதே கேட்.

"போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சு மேடம். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. நாப்பது நிமிஷம். நான் படியில உக்காந்து கதவு வழியா பேசிட்டே இருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, எட்டாம் வாய்ப்பாடு சொல்லுன்னு. பன்னெண்டு வரைக்கும் போயிட்டோம். அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட சொன்னேன், பாக்கலாம்னாரு. அதுக்கப்புறந்தான் எழுதினேன்."

அந்தச் சம்பவமும் அவர் பதிவில் முதலில் இருந்தது. எந்தக் கட்டடம் என்று கம்பெனிக்குப் புரிந்துவிடுமே என்று நான்தான் வெட்டியிருந்தேன். என் முன்ஜாக்கிரதையை என்னவென்று சொல்ல!

"ஆதாரம் ஏதாவது இருக்காண்ணே?"

இருந்தது. கேட்டில் வருவோர் போவோரை எழுதும் ரிஜிஸ்டர் அவர் கையில்தான். கார்டில் கையெழுத்து இருக்கும் தேதிகளுக்கு நேரே ரிஜிஸ்டரில் மெக்கானிக் யாரும் வந்ததாக இல்லை. பால்காரர், கூரியர், ஐந்தாம் வீட்டு மாப்பிள்ளை வரைக்கும் எழுதியிருந்தார். ஆறு தேதிகளில் ஐந்து பொய். இதைவிட ஆதாரம் கடவுளே வந்தாலும் தர முடியாது. எனக்குக் கை பரபரத்தது.

அவர் தயங்கினார். "போட்டோ வேணாம் மேடம். எழுத்து மட்டும் இருக்கட்டுமே."

"ஆதாரம் இல்லாம நிக்காதுண்ணே. எடுக்கச் சொல்லி என் தம்பி நச்சரிக்கிறான்."

"வேலை போச்சுன்னா ரூமும் போயிடும் மேடம். தண்ணி மோட்டாருக்குப் பக்கத்துல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. நானும் வீட்டுக்காரியும் அதுலதான் இருக்கோம். அவ தையல் மெஷின் போட்டு நாலு வீட்டுத் துணி தைக்கிறா."

"பதினோரு வருஷமா இந்த வேலையப் பாக்கிறேன். ஒரு பேர் வெளிய போனதில்ல. எல்லாத்தையும் மறைச்சுத்தான் போடுவேன். என்ன நம்புங்க."

"நீங்க சொன்னா சரிங்க மேடம்" என்றார்.

அன்று மாலையே ஐந்து படங்கள் வந்தன. கார்டு ஒன்று, ரிஜிஸ்டர் பக்கங்கள் நான்கு. டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பட்டை ஒட்டினேன். குடியிருப்பின் பெயர் மேல் ஒரு பட்டை. செக்ரட்டரி கையெழுத்து மேல் ஒன்று. வீட்டு எண்கள், பால்காரர் பெயர், கூரியர் பையன் பெயர், அந்த மாப்பிள்ளை, ஒன்று விடவில்லை. அவர் கையெழுத்து அடையாளம் தெரியக்கூடாதென்று பாதிப் பக்கத்தையே மங்கலாக்கினேன். பிறகு பதிவைத் திறந்துவிட்டு, தம்பிக்கு "பேர் தர முடியாது, ஆதாரம் இருக்கு" என்று வக்கீலுக்கு எழுத வேண்டிய பதிலையும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். முதுகு இரண்டாகப் பிளந்தது.

ஒன்பதாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது.

"அக்கா, ஜெயிச்சுட்டோம்கா!" தம்பி கத்தியதில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "ஒரே பக்கந்தான் எழுதியிருக்கான். மேற்படி நபரின் விவரங்களைத் தற்போது எங்கள் கட்சிக்காரர் கோரவில்லைன்னு இருக்கு. ஆதாரத்தப் பாத்து மிரண்டுட்டாங்க!"

"நான்தான் சொன்னேன்ல."

"சொன்ன, சொன்ன. என் அக்கா யாரு!"

ஒன்பது நாளைக்கு முன்னால் எடுத்துத் தொலை என்றவன்தான் இவன். இருந்தாலும் எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்போ இனிமே டீ பொங்கி அடுப்பெல்லாம் வழியாதுல்ல?" என்றார். இந்த வீட்டில் எனக்கு விழா எடுக்கிறவர்கள் இவ்வளவுதான். டார்ச்லைட்டுக்கு "கவலை விட்டது அண்ணே" என்று செய்தி அனுப்பினேன். ஒருவர் விடாமல் நன்றி சொல்கிறவர், எனக்கு மட்டும் பதில் போடவில்லை. வேலையாக இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு போன். எடுத்ததும் சத்தம். "உங்க வண்டி எங்க வீட்டு கேட்டை இடிச்சுட்டு நிக்காமப் போயிருக்கு! ஓட்டினது யாரு?"

"யாருன்னு பாத்தீங்களா சார்? ஆளு எப்படி இருந்தாங்க?"

"ஆளையெல்லாம் யார் பாத்தா? வண்டி நம்பர் குறிச்சு வெச்சிருக்கேன்."

நம்பரைச் சொன்னார். நான் நோட்டைத் திருப்பினேன். காலை எட்டரை மணி, அந்த வண்டி, சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மூத்த மாஸ்டர், ஓட்டியது கண்ணாடி போட்ட வங்கி ஊழியர் அம்மா. அரை நிமிடம்கூட ஆகவில்லை. விவரம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, போனை வைத்தேன்.

வைத்த கையை எடுக்க முடியவில்லை. பேர் தெரியாமலே ஆளைப் பிடித்துவிட்டேனே. அவர்கள் பேரைக் கேட்காமல் விட்டது பயந்தா, இல்லை தேவைப்படாமலா? மன்றத்தைத் திறந்து அந்தக் கார்டின் படத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. எல்லாப் பெயரும் செத்துக் கிடந்தது. மேலே வலது மூலையில், கம்பெனி சின்னத்துக்குக் கீழே, லிஃப்டின் எண் முத்து முத்தாக இருந்தது. எழுத்து மூன்று, எண் ஐந்து. இத்தனை வருடமாகப் பெயரைத் தேடித் தேடி என் கண் பெயருக்கு மட்டுமே பழகிப்போயிருந்தது. எண் என்பது ஏதோ அச்சடித்த அலங்காரம் மாதிரி அதற்குப் பட்டிருக்கிறது. தினமும் வண்டி நம்பர் எழுதிப் பிழைக்கிறவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படத்தைத் தூக்கினேன். இனி தூக்கி என்ன! படிக்கட்டில் போய் நின்று அவருக்குப் போன் போட்டேன். இரண்டாவது முறை எடுத்தார். பின்னால் பஸ் சத்தம்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"மச்சினன் வீட்டுப் பக்கம் மேடம். நீங்க சௌக்கியமா?"

"வேலைக்குப் போகலையா?"

"அத விட்டு அஞ்சு நாள் ஆச்சு மேடம். போன வாரம் கம்பெனிலேருந்து வந்தாங்க. ஒரு மேனேஜர், ரெண்டு மெக்கானிக். நேரா செக்ரட்டரி வீட்டுக்குப் போனாங்க. மெக்கானிக்குங்க ரெண்டு பேரும் மேல போய் மோட்டார் ரூமத் தொறந்து சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்தாங்க. ஒன்பது வருஷத்துல அன்னிக்குத்தான் நிஜமா வேலை பாத்தாங்க. லிஃப்ட் இப்ப சத்தமே இல்லாம ஓடுது." லேசாகச் சிரித்தார். "அவங்க உள்ள வந்தது, வெளிய போனது, ரெண்டையும் நான்தான் ரிஜிஸ்டர்ல எழுதினேன். அதுக்கப்புறம் செக்ரட்டரி ரிஜிஸ்டர வாங்கி வெச்சுக்கிட்டாரு."

"ஏன்ணே எனக்குச் சொல்லல?"

"சொல்லி என்ன மேடம். அவங்க கேஸு, கோர்ட்டுன்னு மிரட்டியிருப்பாங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல. குடுத்துட்டீங்கபோலன்னு நெனச்சேன். தப்பில்ல."

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டே, சௌக்கியமா என்று விசாரித்திருக்கிறார் இந்த மனிதர். பயந்து கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது, மன்னிப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

"நான் குடுக்கலண்ணே. கார்டு மூலையில லிஃப்ட் நம்பர் இருந்துச்சு. அத மறைக்காம விட்டுட்டேன். என் தப்பு. முழுக்க என் தப்பு."

"ஒன்பது வருஷமா அந்த லிஃப்டக் கூட்டித் தொடைக்கிறேன்" என்றார். "அதுல நம்பர் இருக்குன்னு எனக்கே தெரியாதே மேடம்."

பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், யாருங்க அது என்றது. போன் கை மாறியது.

"நான் அவரு வீட்டுக்காரி பேசறேன். அவரு இப்படித்தான், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன் கேட்டுக்கோங்க. உங்களுக்கு அது ஒரு போட்டோ. எங்களுக்கு அதுதான் வீடு. போட வேணாம்னுதானே சொன்னாரு?"

"ஆமாம்மா."

"என் மெஷின மச்சினன் வீட்டு மாடிப்படிக்குக் கீழ போட்டு, மேல சாக்க மூடி வெச்சிருக்கேன். நாலு வீட்டுத் துணிய யாரு வந்து இங்க குடுப்பா?"

பதினோரு வருடம் வாங்கிய திட்டெல்லாம் என் மேல் ஒட்டாமல் வழிந்து போயிருக்கிறது. இது வழியவில்லை.

போன் மறுபடி அவரிடம் போனது. "பதிவ எடுத்துடறேண்ணே" என்றேன். "இன்னிக்கே எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க!" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "எடுத்தா நான் எதுக்கு வேலைய விட்டேன்? அங்க எல்லார்கிட்டயும் மொட்டைக் கடுதாசி, எவனோ பொறாமையில எழுதினதுன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணோட அம்மாவே என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. என் பேரப் போடுங்க மேடம். இனிமே யாருக்காக மறைக்கணும்? அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டதையும் போடுங்க."

"யோசிச்சு சொல்லுங்கண்ணே. கேஸு வந்தாலும் வரும்."

"வரட்டும். இனிஷியலும் சேத்துப் போடுங்க. எங்கப்பா பேரு."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். எத்தனையோ பெயர்களை அழித்த விரல். ஒரு பெயரைச் சேர்த்தது அதுதான் முதல் தடவை. சரியா என்று திருப்பிப் படித்துக் காட்டினேன். பிறகு பதிவுக்குக் கீழே, இதில் முன்பு இருந்த படத்தில் எண்ணை மறைக்காமல் விட்டு இவர் வேலை போகக் காரணமானவள் நான் என்று எழுதி, கத்திரி என்பதை எடுத்துவிட்டு என் சொந்தப் பெயரைப் போட்டேன். டிரைவிங் ஸ்கூல் முகவரியையும் போட்டேன். என் தம்பிக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "அக்கா, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமாடா."

"மறுபடி நோட்டீஸ் வரும்."

"எனக்கு வரட்டும். வேற பேசு."

போனை வைக்கப் போனவன், "அந்த ஆளுக்கு வேலை ஏதாவது பாக்கலாமாக்கா" என்றான். பார்த்தோம். டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினார். தம்பி அவன் ஆபீசில் கேட்டான். கேட்டில் நிற்க ஆள் வேண்டுமென்றுதான் சொன்னார்கள். பெயரைத் தேடிப் பார்த்தார்கள். முதலில் வந்தது எங்கள் மன்றத்துப் பதிவு. அதோடு விட்டுவிட்டார்கள். யோசிச்சு சொல்லுங்கண்ணே என்று அவரிடம் பெரிதாகச் சொன்னேனே, நான் யோசித்தேனா இதை?

மூன்றாவது நோட்டீஸ் டிரைவிங் ஸ்கூலுக்கே வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பதினான்கு பக்கம். முதல் எதிர்த்தரப்பு அவர், இரண்டாவது நான். பெயர்களின் மேல் எந்தப் பட்டையும் இல்லை. பார்க்கவே புதிதாக இருந்தது. ஒரு மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டார்ச்லைட் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"என் பேரு சரியாப் போட்டிருக்காங்களா மேடம்?"

"இனிஷியலோட இருக்குண்ணே. உங்களுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்காங்க."

"எனக்கு ஒண்ணும் வரலையே. எந்த அட்ரஸுக்கு?"

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குடியிருப்பின் பெயர், தெரு, அதற்குக் கீழே, வாட்ச்மேன் அறை, தண்ணீர் மோட்டார் அருகில் என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.



"அங்க இப்ப யாரும் இல்லையே மேடம்" என்றார்.